ஆர்வத்துக்கு ஏற்ற இணையத்தளங்கள்: கணக்கு, ஆவணம், செலவு, நேரம் பார்த்துத் தொடங்குவது எப்படி?

கடந்த கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு மூன்று விதமான ஆசைகள் இருந்தன. பத்தாம் வகுப்பை முடித்திருந்த மகள் வானத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பினாள். எழுபது வயதைக் கடந்த அப்பா, இளமையில் இரவல் வாங்கிப் படித்த நூல்களையும் இதழ்களையும் இன்னொரு முறை படிக்க விரும்பினார். நானோ, வேலைக்குப் போய்க்கொண்டே ஒரு பாடத்தை முறையாகப் படித்துச் சான்றிதழ் பெற விரும்பினேன். பயனுள்ள நூறு தளங்கள், அறிவை வளர்க்கும் ஐம்பது தளங்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்த பட்டியல்களையெல்லாம் நான் சேமித்து வைத்தேன். ஒரு மாதத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட இணைப்புகள் சேர்ந்துவிட்டன. அவற்றில் ஒன்றைக்கூட எங்களில் எவரும் உருப்படியாகப் பயன்படுத்தவில்லை. இடையில் ஒரு தளத்தில் பணத்தையும், இன்னொன்றில் தேர்வு எழுதும் வாய்ப்பையும் இழந்தேன்.

தளங்களின் பெயர்கள் எளிதாகக் கிடைத்துவிடுகின்றன. அந்தத் தளத்தில் நுழைய என்ன வேண்டும், எவ்வளவு செலவாகும், எத்தனை நாள் பிடிக்கும், எங்கே தடுக்கும் என்பதைத்தான் யாரும் எழுதுவதில்லை. அதை எழுதுவதற்காகவே இந்தக் கட்டுரை. இதில் நான் குறிப்பிடும் தளங்கள் அனைத்தும் நாங்கள் மூவரும் பல மாதங்கள் பயன்படுத்தியவை.

1. முதலில் ஒரு குறிப்பேடு

ஒரு சிறிய குறிப்பேட்டை எடுத்து, நீங்கள் பயன்படுத்த நினைக்கும் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அந்தப் பக்கத்தில் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்: கணக்குத் தொடங்க வேண்டுமா, ஏதேனும் ஆவணம் கேட்கிறார்களா, எந்தக் கட்டத்தில் பணம் கேட்கிறார்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்க வேண்டும். இந்த நான்குக்கும் பத்து நிமிடத்துக்குள் விடை கிடைக்காத தளத்தை அப்போதைக்கு ஒதுக்கிவிடுங்கள். வெளிப்படையாக நடத்தப்படும் தளங்களில் இந்த விவரங்கள் முகப்பிலோ அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் பகுதியிலோ இருக்கும்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு தளத்தைத் தொடங்குங்கள். இரண்டு வாரம் அதில் இருந்த பிறகு அடுத்ததற்குப் போங்கள். அறுபது இணைப்புகளைச் சேர்த்து வைத்திருந்தபோது கிடைக்காத பயன், ஒரே தளத்தில் தொடர்ந்து இருந்தபோது எங்கள் மூவருக்கும் கிடைத்தது.

2. தனி மின்னஞ்சலும் தமிழ் விசைப்பலகையும்

வங்கிக்கும் அலுவலகத்துக்கும் பயன்படுத்தும் மின்னஞ்சலைக் கற்றல் தளங்களுக்குக் கொடுக்காதீர்கள். இதற்கென்று தனியாக ஒரு ஜிமெயில் முகவரியைத் தொடங்குங்கள். விளம்பர மடல்கள் அனைத்தும் அங்கே போய்விடும். அதைவிட முக்கியமாக, தேர்வுத் தேதி, பதிவு முடியும் நாள் போன்ற மடல்கள் மற்றவற்றுக்கு நடுவே மறைந்து போகாது. அந்தக் கணக்கைத் தொடங்கும்போது உங்கள் பெயரை ஆதார் அட்டையில் உள்ளபடியே, தலைப்பெழுத்து இருக்கும் இடம் உட்பட, ஆங்கில எழுத்துகளில் கொடுங்கள். இதன் காரணம் எட்டாம் படியில் விளங்கும்.

அடுத்து, கைப்பேசியில் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அமைப்புகள் பகுதிக்குள் மொழியும் உள்ளீடும் என்ற இடத்தில் தமிழைச் சேர்த்தால் போதும். தமிழ் எழுத்துகளை நேராகத் தட்டும் முறை, ஆங்கில எழுத்தில் ஒலித்துத் தட்டும் முறை ஆகியவற்றில் எது கைக்கு வருகிறதோ அதைப் பயன்படுத்துங்கள். தமிழ்த் தளங்களின் தேடல் பெட்டியில் ஆங்கில எழுத்துகளில் தட்டினால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. ஒற்றெழுத்து ஒன்று விடுபட்டாலும் சில தளங்களில் நூல் அகப்படாது. நூலின் பெயரில் ஒரே ஒரு சொல்லை மட்டும் கொடுத்துத் தேடுவது இதற்கு நல்ல வழி.

3. கணக்கே தேவைப்படாத நூலகங்களிலிருந்து தொடங்குங்கள்

இணையத்துக்குப் புதியவர் என்றால் உங்கள் முதல் தளம் இவற்றுள் ஒன்றாக இருக்கட்டும். பதிவு, ஆவணம், கட்டணம் எதுவும் இல்லாமல் அன்றே படிக்கத் தொடங்கலாம்.

மதுரைத் திட்டம் என்னும் மின்தொகுப்பில் சங்க நூல்கள், பக்தி இலக்கியம், சிற்றிலக்கியங்கள், பாரதியார் படைப்புகள் எனப் பலவும் தன்னார்வலர்களால் தட்டச்சு செய்யப்பட்டு வைக்கப்பட்டுள்ளன. இவை எழுத்து வடிவில் இருப்பதால் ஒரு சொல்லைக் கொடுத்துப் பாடலைத் தேட முடியும். எழுத்தின் அளவையும் பெரிதாக்கிக்கொள்ளலாம். ஒரு நூல் பல வடிவங்களில் தரப்பட்டிருந்தால் யூனிகோட் என்று குறிப்பிட்டிருப்பதையே திறக்க வேண்டும். பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் உள்ள கோப்பைத் திறந்துவிட்டால் திரை முழுவதும் புரியாத குறிகளாகத் தெரியும். கைப்பேசி பழுதாகிவிட்டது என்று நினைத்து அப்பா இரண்டு நாள் அதைத் தொடாமல் இருந்தார்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களும் அரிய பழைய பதிப்புகளும் பக்கம் பக்கமாக ஒளிவருடப்பட்டு வைக்கப்பட்டுள்ளன. இது தமிழ்நாடு அரசின் நிறுவனம். ஒளிவருடிய பக்கங்கள் படங்கள் என்பதால் கைப்பேசியில் படிப்பது கண்ணுக்குச் சிரமம் தரும். கணினியோ பெரிய திரையுள்ள டேப்லெட்டோ இருந்தால் வசதி.

இலங்கைத் தமிழ் நூல்கள், இதழ்கள், நாளிதழ்கள், விழா மலர்கள் ஆகியவற்றுக்கு நூலகம் என்றே பெயர் கொண்ட தளம் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்த மல்லிகை இதழ்களை அப்பா அங்கேதான் கண்டுபிடித்தார். ஓர் இதழின் பக்கத்தைத் திறந்தவுடன் அவர் செய்த முதல் வேலை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, உள்ளடக்கப் பட்டியலை விரல் வைத்து வரி வரியாகப் படித்ததுதான். பதிவிறக்கும் இணைப்பின் அருகிலேயே கோப்பு எத்தனை எம்பி என்று எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பதிவிறக்குங்கள். சில கோப்புகள் மிகப் பெரியவை, கைப்பேசியின் நினைவகத்தை நிறைத்துவிடும்.

கைப்பேசியில் மட்டுமே படிப்பவர்களுக்கு ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம் ஏற்றது. ஒவ்வொரு நூலும் ஈபப் வடிவிலும், ஆறு அங்குலத் திரைக்கான பிடிஎஃப் வடிவிலும், ஏ4 தாளுக்கான பிடிஎஃப் வடிவிலும் தரப்படுகிறது. கைப்பேசிக்கு ஈபப் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். அதில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாகவே திரைக்கேற்ப மடங்கிக்கொள்ளும். பிடிஎஃப் கோப்பில் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமுமாகத் திரையைத் தள்ள வேண்டியிருக்கும்.

சொற்களில் ஆர்வமுள்ளவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைப் பரிந்துரைக்கிறேன். சிகாகோ பல்கலைக்கழகம் தன் தெற்காசிய அகராதிகளின் தொகுப்பில் அதை இலவசமாக வைத்திருக்கிறது. ஓரை என்ற சொல்லைத் தட்டிப் பாருங்கள். பஞ்சாங்கத்தில் நாம் பார்க்கும் பொருளோடு, பழந்தமிழில் மகளிர் விளையாட்டு என்று இருந்த பொருளும் சேர்ந்தே வரும். பொருளுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வருபவை மேற்கோள் நூல்களின் சுருக்கப் பெயர்கள். அந்தச் சுருக்கங்களின் பட்டியலை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால், ஒரு சொல்லிலிருந்து மதுரைத் திட்டத்தில் உள்ள மூலப் பாடலுக்கே போய்விடலாம். இதில் ஒரு மாலைப்பொழுது கழிவதே தெரியாது.

பல மொழி நூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் படிப்பதற்குப் பெரும்பாலும் கணக்குத் தேவையில்லை. பதிப்புரிமை உள்ள சில நூல்களை இரவல் பெற மட்டும் இலவசக் கணக்குத் தொடங்க வேண்டும். அவ்வாறு பெறும் நூல்கள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குத் தரப்படும், மீண்டும் புதுப்பித்துக்கொள்ளலாம். சில நூல்கள் 14 நாட்களுக்குக் கிடைக்கும். அங்கே தமிழ் நூல்களின் பெயர்களை ஆளுக்கொரு விதமாக ஆங்கில எழுத்தில் பதிந்திருப்பதால், தமிழில் ஒரு முறையும் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாகவும் தேட வேண்டும். இதே தளத்தின் வேபேக் மெஷின் பகுதியில், செயலிழந்துபோன இணையப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் அதன் பழைய நகல் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

இந்த நூலகங்களைத் தேடும்போது ஒரு பொறியைப் பற்றி எச்சரிக்கையாக இருங்கள். தேடுபொறியில் நூலின் பெயரோடு இலவசப் பிடிஎஃப் என்று தட்டினால், பச்சை நிறப் பதிவிறக்கப் பொத்தான்கள் நான்கைந்து கொண்ட தளங்கள் முதலில் வரும். அந்தப் பொத்தான்களில் பல, விளம்பரங்கள்; சில, தேவையற்ற செயலிகளை நிறுவச் சொல்பவை. நூல் வேண்டும் என்றால் நூலகத் தளத்துக்குப் போய் அங்கே தேடுங்கள்.

4. வானத்தைப் பார்க்க இரண்டு தளங்கள்

தொலைநோக்கி வாங்க வேண்டியதில்லை. மொட்டை மாடியும் ஒரு கைப்பேசியும் போதும்.

ஸ்டெல்லேரியம் வெப் என்ற தளத்தைத் திறந்தால் அந்த நேரத்து வானம் அப்படியே திரையில் தெரியும். கணக்கும் கட்டணமும் இல்லை. முதலில் உங்கள் இருப்பிடத்தைச் சரிபாருங்கள். உலாவி இருப்பிட அனுமதி கேட்கும்போது மறுத்துவிட்டால் வேறு ஊரின் வானத்தைக் காட்டக்கூடும். அடுத்து, இரவுக் காட்சிக்கான பொத்தானை அழுத்தித் திரையைச் செந்நிறமாக்கிக்கொள்ளுங்கள். வெள்ளைத் திரையைப் பார்த்த கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடங்களுக்கு மேல் ஆகும். முதல் வாரம் முழுவதும் நாங்கள் இதைச் செய்யாமல், விண்மீன்களே தெரியவில்லை என்று வருந்திக்கொண்டிருந்தோம்.

தொடங்குவதற்கு நல்ல காலம் தை மாதம். இரவு எட்டு மணி வாக்கில் அண்ணாந்து பார்த்தால், ஏறக்குறைய உச்சியில் சிறு கொத்தாகக் கார்த்திகை தெரியும். அதற்குச் சற்றுக் கிழக்கே ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்வது ரோகிணி. இன்னும் கிழக்கே மூன்று விண்மீன்கள் நேர்க்கோட்டில் நிற்கும். அது ஓரியன் என்னும் வேடனின் இடைக்கச்சை. அந்த மூன்றுக்கும் வடக்கே சிவந்து தெரிவது திருவாதிரை. நாட்காட்டியில் வெறும் பெயராகப் படித்துவந்த நட்சத்திரங்கள் தலைக்கு மேலே நிற்பதைக் கண்டபோது, மகள் கீழே ஓடிப்போய்ப் பாட்டியைக் கையைப் பிடித்து மாடிக்கு அழைத்து வந்தாள். பாட்டியின் நட்சத்திரம் ரோகிணி.

இரண்டாவது, ஹெவன்ஸ் அபோவ். பன்னாட்டு விண்வெளி நிலையம் உங்கள் ஊருக்கு மேலே எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குக் கடக்கும் என்பதை இந்தத் தளம் அட்டவணையாகத் தரும். நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் 90 நிமிடங்களுக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுகிறது. சூரியன் மறைந்த பின்னோ உதிக்கும் முன்னோ, நம் தரை இருட்டாக இருக்க, நிலையத்தின் மேல் மட்டும் வெயில் படும் வேளையில் அது நம் கண்ணுக்குத் தெரியும்.

இங்கே கட்டாயம் செய்ய வேண்டியது, இருப்பிடத்தையும் நேர மண்டலத்தையும் குறிப்பது. குறிக்காவிட்டால் இருப்பிடம் பூச்சியப் பாகை என்றும், நேரம் உலகப் பொது நேரம் என்றும் எடுத்துக்கொள்ளப்படும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே இருப்பதால், அட்டவணை எந்தப் பயனும் தராது. உங்கள் ஊரைக் குறித்த பிறகு, ஒளியளவு என்ற நிரலில் எண் குறையக் குறைய ஒளி கூடுதல் என்பதை நினைவில் வையுங்கள். கழித்தல் 3 என்றிருந்தால் நன்றாகத் தெரியும். உயரக் கோணம் 40 பாகைக்கு மேல் உள்ள நாளைத் தேர்ந்தெடுங்கள். அதற்குக் கீழே என்றால் தென்னை மரங்களும் அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் மறைத்துவிடும். விமானம் போலச் சிமிட்டாமல், ஒரே சீரான வெண்ணொளியாக நகர்ந்து, சில நிமிடங்களில் பூமியின் நிழலுக்குள் மங்கி மறையும். குறித்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே மாடியில் இருங்கள், ஏனெனில் அது ஒரு நொடியும் காத்திருக்காது.

5. செய்து பார்க்கும் அறிவியல்

கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளத்தில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கலாம். கணக்குத் தேவையில்லை, பல சோதனைகள் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுள்ளன. மின்சுற்று அமைக்கும் சோதனையிலிருந்து தொடங்குங்கள். மின்கலம், கம்பி, விளக்கு, சாவி ஆகியவற்றை விரலால் இழுத்து இணைத்தால் விளக்கு எரியும். விளக்கை எடுத்துவிட்டு மின்கலத்தின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தால் திரையில் தீப்பற்றும். பாடப்புத்தகத்தில் குறுக்குச்சுற்று என்று மனப்பாடம் செய்திருந்த மகள், அந்தத் தீயைப் பார்த்த பிறகுதான் வீட்டின் மின்பெட்டியைத் திறந்து ஃபியூஸ் எது என்று கேட்டாள்.

ஃபெட் தளத்தில் எச்டிஎம்எல்5 என்று குறிக்கப்பட்ட சோதனைகளை மட்டும் எடுங்கள். பழைய ஜாவா, ஃபிளாஷ் வகைச் சோதனைகள் கைப்பேசியில் இயங்கமாட்டா. இணைய வசதி சரியில்லாத ஊர்களில் இருப்பவர்கள் சோதனையைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாமலும் செய்து பார்க்கலாம்.

உண்மையான ஆய்வுக்கு உதவ விரும்பினால் ஜூனிவர்ஸ் தளம் இருக்கிறது. விண்மீன் மண்டலங்களின் வடிவம், காட்டுக் கேமராவில் பதிந்த விலங்கு போன்றவற்றைப் படத்தைப் பார்த்து வகைப்படுத்த வேண்டும். ஐந்து நிமிடப் பயிற்சியே போதும். கணக்கு இல்லாமலும் செய்யலாம். ஆங்கிலத்தில் குறிப்புகள் வருவதால், அகராதி ஒன்றைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பறவைகளுக்கு ஈபேர்ட். கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் நடத்தும் இந்தத் தளத்தில் மின்னஞ்சல் கொண்டு இலவசக் கணக்குத் தொடங்க வேண்டும். இடம், தொடங்கிய நேரம், எத்தனை நிமிடம் பார்த்தீர்கள், எத்தனை பேர் பார்த்தீர்கள், ஒவ்வொரு வகையிலும் எத்தனை பறவைகள் என்பவற்றைப் பதிய வேண்டும். அடையாளம் தெரிந்த பறவைகள் அனைத்தையும் பதிந்தீர்களா என்ற கேள்வி இறுதியில் வரும். காக்கையையும் மைனாவையும் சாதாரணப் பறவைகள் என்று விட்டுவிட்டு ஆம் என்று சொல்லாதீர்கள். அந்தப் பதிவை நம்பித்தான் ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். பறவையை அடையாளம் காண உதவும் மெர்லின் செயலியும் அதே ஆய்வகத்தினுடையதே, அதுவும் இலவசம். இந்தியப் பறவைகளுக்கான தொகுப்பு பெரிய கோப்பு என்பதால் வைஃபை உள்ள இடத்தில் பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

6. பொழுதுபோக்குக்கு இரண்டு

சதுரங்கத்துக்கு லிச்செஸ். விளம்பரம் கிடையாது, எந்தப் பகுதியும் கட்டணத்துக்குப் பின்னால் பூட்டப்படவில்லை, கணக்கு இல்லாமலேயே புதிர்களைத் தீர்க்கலாம். ஒரு நிமிட ஆட்டங்களைப் புதியவர்கள் தொடவேண்டாம்; பத்து நிமிட ஆட்டங்களிலிருந்து தொடங்கினால்தான் யோசிக்கும் பழக்கம் வரும்.

ரேடியோ கார்டன் தளத்தில் பூமிப் பந்தைச் சுழற்றி, ஒரு பச்சைப் புள்ளியின் மேல் நிறுத்தினால் அந்த ஊரின் வானொலி ஒலிக்கும். நொடிக்கு 128 கிலோபிட் வேகத்தில் ஒலிபரப்பாகும் நிலையத்தை ஒரு மணி நேரம் கேட்டால் ஏறத்தாழ 58 எம்பி செலவாகும். நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி திட்டம் வைத்திருப்பவர்கள் அச்சமின்றிக் கேட்கலாம்.

7. இலவசச் சோதனைக் காலம் என்னும் பொறி

ஏழு நாள் இலவசம் என்று அறிவித்த ஒரு கற்றல் தளத்தில் நான் அட்டை விவரங்களைக் கொடுத்துச் சேர்ந்தேன். எட்டாம் நாள், மாதக் கட்டணம் என்று நான் நினைத்திருந்ததற்கு மாறாக ஓராண்டுக் கட்டணம் முழுவதும் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டது. மூன்று வாரம் மின்னஞ்சல் எழுதியும் பணம் திரும்பவில்லை. அந்த வலியிலிருந்து சொல்கிறேன்: பணம் செலுத்தும் பக்கத்தில், பொத்தானுக்குக் கீழே சிறிய எழுத்தில் இருப்பதை முழுவதும் படிக்காமல் அட்டை எண்ணைத் தராதீர்கள்.

தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாட்டுக்கு முதல் முறை ஓடிபி கொடுத்து ஒப்புக்கொண்டுவிட்டால், அதன்பின் 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்கப்படாது. ஆனால் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாக உங்களுக்கு அறிவிப்பு வரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தக் குறுஞ்செய்தி மற்றக் குறுஞ்செய்திகளோடு கலந்து வரும், எனவே கவனமாகப் பாருங்கள். சேர்ந்த அன்றே மூன்று வேலைகளைச் செய்யுங்கள்: குறிப்பேட்டில் முடிவு நாளுக்கு இரண்டு நாள் முந்தைய தேதியை எழுதுங்கள், கைப்பேசியில் நினைவூட்டல் வையுங்கள், ரத்துசெய்யும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று இப்போதே தேடிப் பார்த்துவிடுங்கள். யுபிஐ வழியாக ஒப்புக்கொண்டிருந்தால், அந்தச் செயலியின் ஆட்டோபே பகுதிக்குள் போய் நீங்களே அதை நிறுத்திவிடலாம். கைப்பேசியிலிருந்து செயலியை நீக்கிவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள், நிற்காது.

8. சான்றிதழ் வேண்டுவோருக்கு என்பிடெல்

ஐஐடிகளும் பெங்களூருவில் உள்ள இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் பாடங்களில், ஸ்வயம் என்னும் மத்திய அரசின் இணையக் கல்வித் தளத்தின் வழியாகச் சேர வேண்டும். பொறியியல் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். மொழியியல், பொருளியல், மேலாண்மை, உளவியல் எனப் பல துறைகள் உள்ளன. பல பாடங்களின் விரிவுரைகள் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுப் பிடிஎஃப் கோப்புகளாகக் கிடைக்கின்றன. எனினும் பெரும்பாலான பாடங்களில் தேர்வு வினாக்கள் ஆங்கிலத்திலேயே இருக்கும்.

காலம்: ஜனவரியிலும் ஜூலையிலும் பருவங்கள் தொடங்குகின்றன. பாடங்கள் 4, 8, 12 வாரங்கள் கொண்டவை. அவற்றின் விரிவுரைகள் முறையே ஏறத்தாழ 10, 20, 30 மணி நேரம். வேலைக்குப் போகிறவர்கள் முதல் முறை 4 வாரப் பாடத்தையோ 8 வாரப் பாடத்தையோ எடுப்பது நல்லது. விரிவுரைக்கு வாரம் இரண்டரை மணி நேரம் என்றால், குறிப்பெடுக்கவும் ஒப்படைப்பு (அசைன்மென்ட்) எழுதவும் இன்னும் மூன்று மணி நேரம் வேண்டும்.

செலவு: சேர்வதும் படிப்பதும் முற்றிலும் இலவசம். சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் தேர்வுக்குப் பணம் கட்ட வேண்டும். நான் ஒரு தேர்வுக்குக் கட்டியது 1000 ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் உரிய சான்றிதழைப் பதிவேற்றினால் பாதிக் கட்டணம். இதோடு தேர்வு மையத்துக்குப் போய்வரும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து எழுத முடியாது. நேரில் சென்று மையத்தின் கணினியில் எழுத வேண்டும். பதிவின்போது நகரத்தைத் தேர்ந்தெடுக்கும் பக்கத்தில், உங்கள் ஊரிலிருந்து காலை நேரப் பேருந்து வசதி உள்ள நகரமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆவணங்கள்: அண்மையில் எடுத்த ஒளிப்படம், வெள்ளைத் தாளில் போட்ட கையெழுத்தின் படம், அரசு அடையாள அட்டை ஆகிய மூன்றையும் முன்கூட்டியே தயாராக வையுங்கள். கைப்பேசியில் எடுத்த படம் படிவம் கேட்கும் அளவைவிடப் பெரிதாக இருக்கும். அதைச் சுருக்கி ஒரு கோப்புறையில் போட்டு வையுங்கள். நீங்கள் தரும் பெயரும் ஒளிப்படமும்தான் சான்றிதழில் அச்சாகும். அடையாள அட்டையில் தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னால் இருக்க, பதிவில் முன்னால் கொடுத்தால் மையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க நேரிடலாம். இரண்டாம் படியில் மின்னஞ்சல் கணக்கின் பெயரைப் பற்றிச் சொன்னது இதற்காகத்தான். தேர்வு நாளில் நுழைவுச்சீட்டின் அச்சுப்படியோடு அடையாள அட்டையின் மூலத்தையும் கையில் கொண்டுபோங்கள், நகலை ஏற்கமாட்டார்கள்.

மதிப்பெண்: வாராந்திர ஒப்படைப்புகளுக்கு 25, தேர்வுக்கு 75. 4 வாரப் பாடத்தில் சிறந்த 3 ஒப்படைப்புகளும், 8 வாரப் பாடத்தில் சிறந்த 6 ஒப்படைப்புகளும், 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 ஒப்படைப்புகளும் கணக்கில் எடுக்கப்படும். ஒப்படைப்பில் 25க்கு 10, தேர்வில் 75க்கு 30 என இரண்டிலும் தனித்தனியே பெற்றால்தான் சான்றிதழ். தேர்வில் அறுபது வாங்கியும், ஒப்படைப்பில் ஒன்பதோடு நின்றவருக்குச் சான்றிதழ் கிடையாது.

இங்கே இரண்டு பொறிகள் உள்ளன. முதலாவது, பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. பாடம் தொடங்கிச் சில வாரங்களிலேயே தேர்வுப் பதிவு முடிந்துவிடும். அதற்குள் தனிப் படிவத்தை நிரப்பிப் பணம் கட்டியிருக்க வேண்டும். முன்பு வேறோர் இணையப் படிப்பில் இந்த வேறுபாடு தெரியாமல், பாடம் முழுவதையும் படித்து முடித்துவிட்டுத் தேர்வு எழுத முடியாமல் நின்றேன். இரண்டாவது, ஒப்படைப்பைக் கடைசி நாள் இரவு 11.59 வரை அனுப்பலாம் என்பதை நம்பிப் பதினொன்றரை மணிக்கு உட்காருவது. மின்தடையோ இணையத் தடையோ வந்தால் அந்த வார மதிப்பெண் போய்விடும். இரண்டு நாள் முன்பே ஒரு முறை அனுப்பிவிடுங்கள். கடைசி நேரம் வரை விடைகளை மாற்றி மீண்டும் அனுப்பலாம். இறுதியாக அனுப்பியதே திருத்தப்படும்.

விரிவுரைக் காணொளிகள் யூடியூபிலும் இருக்கின்றன. 360 அல்லது 480 தரத்தில் வைத்தாலே கரும்பலகை எழுத்து தெளிவாகத் தெரியும். அதற்கு மேல் வைத்தால் தரவுதான் வீணாகும். வைஃபை கிடைக்கும் நாளில் வாரத்தின் ஐந்து விரிவுரைகளையும் கைப்பேசியில் இறக்கிக்கொண்டால், பேருந்துப் பயணத்திலேயே இரண்டை முடித்துவிடலாம்.

9. எந்த மாதத்தில் எதைத் தொடங்கலாம்

நவம்பரில் மின்னஞ்சல், விசைப்பலகை, குறிப்பேடு ஆகியவற்றை முடித்துவிட்டு, ஜனவரிப் பருவத்துப் பாடப் பட்டியலைப் பாருங்கள். டிசம்பர் முழுவதும் ஏதேனும் ஒரு நூலகத் தளத்தோடு இருங்கள்; மழைக்காலத்தில் மாடிக்குப் போக முடியாது என்பதால் வாசிப்புக்கு அது பொருத்தமான மாதம். ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று பார்த்து, அதை ஈபேர்டில் பதிந்தால் நீங்களும் அதில் பங்கேற்றவர் ஆவீர்கள், ஆகவே பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பே கணக்கைத் தொடங்கி, வீட்டு வாசலில் ஒரு முறை பதிந்து பழகிக்கொள்ளுங்கள். தை பிறந்து வானம் தெளிந்ததும் மாடிக்குப் போங்கள். அதே நாட்களில் ஜனவரிப் பருவத்துப் பாடமும் தொடங்கியிருக்கும். தேர்வுப் பதிவு முடியும் தேதியைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதி வைத்துவிட்டு, அதற்குப் பத்து நாள் முன்பாகவே பணத்தைக் கட்டிவிடுங்கள்.